தங்கச்சிக்கு கல்யாண பயோடேட்டா ரெடி பண்றேன், நட்சத்திரத்துலயே மாட்டிக்கிட்டேன். கடலூர் / பாண்டி பக்கம் அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கடலூர்_அண்ணன்:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு கடலூர், திருப்பாதிரிப்புலியூர். தை பொறந்ததும் தங்கச்சிக்கு வரன் பாக்க ஆரம்பிச்சிடலாம்னு வீட்ல பேசி வச்சிருக்கோம். அப்பா இல்ல, கொரோனா சமயத்துல தவறிட்டாரு, அதனால பயோடேட்டா ரெடி பண்ற வேலை என் தலைல. ஒரு பக்கம் பேப்பர்தானே அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்னு ஒரு ஞாயித்துக்கெழம லேப்டாப்ப தொறந்தேன், இன்னைக்கு மூணாவது ஞாயிறு, இன்னும் முடியல.

தங்கச்சி 98ல பொறந்தவ. பி.எஸ்சி எம்.எல்.டி முடிச்சிட்டு பாண்டில ஒரு தனியார் ஆஸ்பத்திரில லேப் டெக்னீஷியனா இருக்கா. தெனம் ரெட்டிச்சாவடி வழியா பஸ்ல போயிட்டு வரா, மாசத்துல ஒரு வாரம் நைட் டூட்டி, அப்ப மட்டும் அங்க ஃப்ரெண்டு ரூம்ல தங்கிப்பா. கைக்கு வர்ற சம்பளம் 19 ஆயிரம். நெய்வேலில இருக்கற எங்க தாய்மாமா என்ன சொல்றாருன்னா சம்பளம் 32 ஆயிரம்னு போடு, நைட் டூட்டிய மூச்சு விடாத, நிறம் சிவப்புன்னு போடு (அவ நல்ல மாநிறம்), கண்ணாடி இல்லாம போட்டோ எடு, கீழ 40 பவுன்னு ஒரு வரி சேத்துடு, அப்பதான் நாலு பேரு போன் பண்ணுவான்னு. எங்களால முடிஞ்சது 20 பவுன், அதுவும் அம்மா சீட்டு கட்டி சேத்தது. மாமா நல்லவருதான், அப்பா போனப்புறம் எங்களுக்கு எல்லாமே அவருதான், அதனால மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லவும் வரல.

பெரிய தலைவலி நட்சத்திரம். 2011 டிசம்பர் 30, தானே புயல். அன்னைக்கு விடியகாலைல எங்க வீட்டு ஓடு பாதி பறந்துடுச்சு, பீரோல வச்சிருந்த பத்திரம், ரேஷன் கார்டு, எங்க ரெண்டு பேர் ஜாதக நோட்டு எல்லாம் ஊறிப்போச்சு. என் நோட்டு பரவால்ல, அவளோடது மை கரைஞ்சி பாதி நீலமா கெடக்குது. அடுத்த வருஷம் அப்பா அந்த நோட்ட எடுத்துட்டு போய் ஒரு சென்டர்ல கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுட்டு வந்தாரு. அதுல ஆயில்யம் 2ஆம் பாதம், கடக ராசின்னு வந்துச்சு. அன்னைலேர்ந்து அதேதான். ஆனா அம்மா மட்டும் ஒத்தக்கால்ல நிக்கறாங்க, "இல்லடா, அவ மகம், பேரு வச்சப்ப ஐயரு சொன்னாரு, பாடலீஸ்வரர் கோயில்ல நான் வருஷக்கணக்கா மகம் சிம்மம்னுதான் அர்ச்சன பண்ணேன்"னு. மாமாவுக்கு இது ரொம்ப வசதியா போச்சு. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதும்பாங்க, மகம்னே போட்டுடு எவன் கேக்கப்போறான்னு சொல்றாரு. தங்கச்சி இத கேட்டுட்டு, பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள்ள நான் போக மாட்டேன், ஆயில்யம்னா ஆயில்யம்னே போடுன்னுட்டு தட்ட எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

எத போடறது? இந்த சம்பளம் பவுன் விஷயம் எல்லாம் மத்தவங்க எப்படி எழுதறீங்க? வாட்ஸ்அப் குரூப்ல போடலாமா? தெரிஞ்சத சொல்லுங்க ப்ளீஸ்.


லாஸ்பேட்டை அம்மா:

தம்பி, ரெண்டு பொண்ண கட்டிக் குடுத்துட்டேன், இப்ப பையனுக்கு பாத்துக்கிட்டு இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் நின்னு பாத்தவ சொல்றேன் கேளு.

சம்பளத்த கூட்டிப் போடாத. பையன் வீட்டுக்காரங்க விசாரிக்காம வருவாங்கன்னு நெனச்சியா, உங்க தெரு மொனை மளிகைக் கடைல ஆரம்பிச்சி அவ வேலை பாக்கற எடத்து கேன்டீன் வரைக்கும் போவாங்க. எனக்கு வந்த ஒரு ஜாதகத்துல பொண்ணுக்கு 45 ஆயிரம்னு போட்டிருந்துச்சு, எங்க வீட்டுக்கார் தெரிஞ்சவர் மூலமா கேட்டதுல 22ன்னு தெரிஞ்சிது. 22ன்னே போட்டிருந்தா நான் போயிருப்பேன், பொண்ணு அவ்ளோ லட்சணம். சம்பளம் கொறச்சல்னு நாங்க விடல தம்பி, இதுலயே இப்படின்னா இன்னும் எதெதுலன்னு ஒரு நெனப்பு வந்துடுச்சு பாரு, அதோட போச்சு. சொல்ல கூச்சமா இருந்தா "தனியார் மருத்துவமனை, லேப் டெக்னீஷியன்"னு மட்டும் போட்டு சம்பளத்த போன்ல சொல்லு. எழுதாம விடறது ஒன்னும் தப்பில்ல.

பவுன் வரியே வேணாம். 40ன்னு போட்டா 40க்கு ஆசப்படற வீடுதான் வரும், வந்து உக்காந்து வண்டி என்னா குடுப்பீங்கம்பான். வரதட்சணை தடைச் சட்டம் 1961லயே வந்துடுச்சு, கேக்கறதும் குத்தம் குடுக்கறதும் குத்தம், அதுல நாமளே கொண்டுபோய் எழுத்துல குடுக்கணுமா சொல்லு. உங்கம்மா சேத்து வச்சத அவ போட்டுக்கிட்டு போவா, அவ்ளோதான்.

நிறம்னு ஒரு வரியே தேவையில்ல, அதான் போட்டோ இருக்கே. போட்டோன்ன உடனே ஞாபகம் வருது. என் பெரியவளுக்கு ஸ்டுடியோல எடுத்தோம், அந்த பையன் கம்ப்யூட்டர்ல வச்சி என்னா தேச்சானோ தெரியல, மாவு பூசுன மாதிரி ஆக்கிட்டான். மாப்ள வீட்டுலேர்ந்து வந்தாங்க, இவ காபி தட்ட எடுத்துக்கிட்டு வந்து நிக்கறா, பையனோட அத்தை சாதாரணமா "இது தங்கச்சியா, பொண்ணு எங்க?"ன்னு கேட்டுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி பூரா அவ அழுதா. கண்ணாடி போடற பொண்ணுன்னா கண்ணாடியோடவே எடு தம்பி. பொடவைல நின்னாப்ல ஒன்னு, சாதாரணமா வீட்ல சுடிதார்ல சிரிக்கற மாதிரி ஒன்னு, போதும்.

இன்னொன்னு, பாண்டி பக்கமும் குடுக்கப் போறீங்கன்னா பிரெஞ்சு நேஷனாலிட்டி வரனும் வரும். 1962ல பாண்டி சட்டப்படி இந்தியாவோட சேந்தப்ப ஆறு மாசம் டைம் குடுத்து பிரெஞ்சு குடியுரிமை வேணும்னா எழுதிக் குடுக்கலாம்னாங்க, எழுதிக் குடுத்தவங்களோட பேரன் பேத்திதான் இன்னைக்கு இங்கயும் பாரிஸ்லயும் இருக்காங்க. நல்ல குடும்பமும் இருக்கு. ஆனா அந்த மாதிரி வரன்னா கல்யாணத்துக்கு முன்னாடியே கான்சுலேட்ல பேப்பர் வேலை இருக்கும், தாலி கட்டிட்டு அடுத்த மாசம் கூட்டிட்டு போறேன்னு வாயால சொல்றத நம்பாதீங்க. வெளிநாடு வேணுமா வேணாமான்னு உன் தங்கச்சிய கேட்டு அத எதிர்பார்ப்புல ஒரு வரி போட்டுடு, பாதி போன் கொறையும்.


ஜெராக்ஸ்கடை_மஞ்சக்குப்பம்:

நண்பா நமக்கு டிடிபி ஜெராக்ஸ் கடைதான், பதினாலு வருஷமா ஜாதகமும் பயோடேட்டாவும் அடிச்சிக்கிட்டு இருக்கேன். சம்பளம் பவுன்லாம் அம்மா சொல்லிட்டாங்க. நான் உங்க நட்சத்திர மேட்டருக்கு நேரா வரேன், ஏன்னா படிச்ச உடனே எனக்கு மண்டைல ஒரு லைட்டு எரிஞ்சிச்சு.

பொறந்த நேரம் என்ன? ராத்திரி 12 மணிக்கு மேல விடியறதுக்குள்ளயா? ஆமான்னா மேல படிங்க.

நம்ம பஞ்சாங்கத்துக்கு கெழம மாறறது சூரியன் உதிக்கறப்ப. இங்கிலீஷ் காலண்டருக்கு ராத்திரி 12. அதனால ஞாயித்துக்கெழம விடியகாலம் 3 மணிக்கு கொழந்த பொறந்தா பழைய ஜோசியர் நோட்டுல "சனிக்கிழமை இரவு 3 மணி, விடிந்தால் ஞாயிறு"ன்னு எழுதுவாரு, தமிழ் தேதியும் சனிக்கிழமை தேதிதான் போடுவாரு. சென்டர்ல உக்காந்திருக்கற பையன் அந்த தமிழ் தேதிக்கு நேரா இங்கிலீஷ் தேதி என்னன்னு பாத்து, நேரம் 3 ஏஎம்னு தட்டிடுவான். முடிஞ்சிது கதை, சரியா 24 மணி நேரம் முன்னாடி போயிடும். நானே ஆரம்பத்துல இந்த தப்ப பண்ணி ஒரு பெரியவர்கிட்ட திட்டு வாங்கிருக்கேன்.

இதுல வெனை என்னன்னா கட்டத்த பாத்தா யாருக்கும் தெரியாது. அதே நேரம்ங்கறதால லக்னம் அப்படியே நிக்கும், குரு சனி ராகு எல்லாம் ஒரு நாள்ல எங்க நகரப்போகுது, அதுவும் அதே கட்டம்தான். சந்திரன் மட்டும் ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம் தாண்டும். ஆயில்யத்துக்கு அடுத்தது என்ன? மகம். அம்மா சொல்றதும் மகம். புரியுதா நண்பா?

நகராட்சி பர்த் சர்ட்டிபிகேட்ட எடுங்க. அதுல நேரம் இருக்காது, தேதி இருக்கும், நமக்கு அது போதும். கம்ப்யூட்டர் ஜாதகத்தோட மொத பக்கத்துல இருக்கற தேதியோட ஒத்துப்பாருங்க. ஒரு நாள் வித்தியாசம் இருந்தா உங்கம்மா சொன்னதுதான் சரி. வித்தியாசம் இல்லன்னா ஆயில்யம்தான், அப்பறம் மாமா பேச்ச கேக்காதீங்க, பையன் வீட்ல தேதி நேரம் ஊர் மூணையும் வச்சி அவங்க ஜோசியர்கிட்ட புதுசா கட்டம் போட்டுப் பாப்பாங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

அப்பறம் பயோடேட்டா அடிக்கறப்ப மறக்காம பாத்துக்க வேண்டியது. வேர்டு ஃபைலா அனுப்பாதீங்க, பாமினி ஃபாண்ட்டுல அடிச்சிருந்தா அடுத்தவன் போன்ல தொறந்தா கோழி கிளறுன மாதிரி இருக்கும், பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்க. போட்டோவ அதுக்குள்ளயே ஒட்டாதீங்க, தனியா வைங்க. கோத்திரம் தெரியாட்டி சிவ கோத்திரம்னு சும்மா போடறாங்க, அது வேணாம், நம்ம பக்கம் ஜனங்க கேக்கறது குலதெய்வம்தான். பச்சைவாழியம்மனா அங்காளம்மனா அய்யனாரான்னு பேர் மட்டும் போட்டா பத்தாது, எந்த ஊர்ல இருக்கறதுன்னு ஊர் பேரோட போடுங்க, ஏன்னா ஒரே சாமி கும்புடறவங்க பங்காளியா வந்துட்டா பேச்சே கெடையாது, பொண்ணு பாத்து பூ வச்சதுக்கப்பறம் இது தெரிஞ்சி நின்ன கல்யாணம் நான் பாத்திருக்கேன். ஆதார் காப்பிய எந்த புரோக்கர் கேட்டாலும் குடுக்காதீங்க. வீட்டு டோர் நம்பர் வேணாம், ஏரியா பேரு போதும். போன் நம்பர் தங்கச்சிது போடவே போடாதீங்க, உங்களோட ரெண்டாவது சிம்மு ஒன்னு இதுக்குன்னே வச்சிக்குங்க.

கடைசியா ஒன்னு, எல்லாருக்கும் சொல்றது. நாலு மூலைல மஞ்ச தடவறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் எடுத்துக்குங்க. மஞ்ச தடவிட்டு கொண்டு வர்றாங்க, காப்பில நாலு மூலையும் கருப்பு கருப்பா விழுது, கண்ணாடிலயும் ஒட்டிக்குது, அன்னைக்கு வர்றவன் மார்க் ஷீட்டுல கூட அந்த புள்ளி வருது.


முத்தியால்பேட்டை_பொண்ணு:

அண்ணா, நான் ஆயில்யம். எனக்கும் போன வருஷம் பூரா பாத்தாங்க, அதனால எழுதறேன்.

மொதல்ல குரூப் பத்தி. எங்கப்பா ஆர்வத்துல நாலு வாட்ஸ்அப் குரூப்ல போட்டோ நம்பர் எல்லாம் சேத்து போட்டுட்டாரு. ஒரு மாசத்துல என்கூட காலேஜ்ல படிச்சவ ஒருத்தி, "உன் பயோடேட்டா எங்க சித்தப்பா போன்ல இருக்குடி"ன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்பறா, அவங்க சேலம்! யாரு யாருக்கோ போயி, வேற ஒரு புரோக்கர் அவனோட நம்பர கீழ அடிச்சி வச்சிருக்கான். ராத்திரி 11 மணிக்கு தெரியாத நம்பர்லேர்ந்து ஹாய்னு வரும். அதனால குரூப்ல போட்டாலும் படிப்பு வேலை நட்சத்திரம் இது மட்டும் போடுங்க, போட்டோ பேசி பிடிச்சவங்களுக்கு மட்டும், அதுலயும் யாருக்கு அனுப்பறீங்களோ அவங்க பேர போட்டோ மேல சின்னதா எழுதி அனுப்புங்க, வெளிய போனா யார்கிட்டேர்ந்து போச்சுன்னு தெரியும். என் தம்பி சொல்லிக் குடுத்த ஐடியா இது.

நைட் டூட்டி கண்டிப்பா எழுதுங்க. ப்ளீஸ். அத மறைச்சி கல்யாணம் பண்ணிக் குடுத்தா மாசத்துல ஒரு வாரம் அவ ஒவ்வொரு தடவையும் மாமியார்கிட்ட பர்மிஷன் கேட்டு நிக்கணும். எழுதிட்டா, பிடிக்காதவங்க போன் பண்ணவே மாட்டாங்க, அது நமக்கு லாபம்தானே. எதிர்பார்ப்புன்னு எல்லாரும் "நல்ல வேலை, நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் இல்லாத மணமகன்"னு ஒரே மாதிரி அடிச்சி வச்சிருக்காங்க, கெட்ட குடும்பம் வேணும்னு யாராவது கேப்பாங்களா? அந்த வரிய நீங்களும் எழுதாதீங்க மாமாவும் எழுத வேணாம், அவகிட்ட பேனாவ குடுங்க. நான் எழுதுனது, "கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்கு போவேன், சமையல் சுமாரா வரும், அம்மா அப்பாவ மாசம் ரெண்டு தடவை வந்து பாப்பேன்." அப்பா தலைல அடிச்சிக்கிட்டாரு. ஆனா அந்த சமையல் வரிய பாத்துட்டுதான் இப்ப நிச்சயம் ஆகியிருக்கற வீட்லேர்ந்து போன் வந்துச்சு, அவங்கம்மா சிரிச்சிக்கிட்டே பேசுனாங்களாம்.

ஆயில்யம் விஷயம். பதினோரு வீட்ல நட்சத்திரம் கேட்டுட்டு அப்பறம் பேசறோம்னு வச்சாங்க. எங்க பாட்டியும் ஆயில்யம்தான், அவங்க மாமியார் 90 தாண்டி இருந்தாங்க, பாட்டிதான் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டாங்க. ஜெராக்ஸ் கடை அண்ணன் சொன்னது சரியா இருக்கட்டும், உங்க வீட்ல சந்தோஷப்படட்டும், ஆனா அது ஆயில்யமாவே இருந்தாலும் உங்க தங்கச்சி கிட்ட ஒன்னும் கொறச்சல் இல்ல. அவ சொன்ன பதில் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க.


ஓல்டுடவுன் வாத்தியார்:

தம்பிக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கடலூர் முதுநகர். ஜெராக்ஸ் கடைத் தம்பி சொன்னதை நானும் வழிமொழிகிறேன். ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்றேன். தேதி ஒத்துப்போய், அப்பவும் நட்சத்திரம் மாறி வந்தால் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. ரெண்டிலும் நட்சத்திரம் முடியும் நேரம் ஒன்றா இருக்காது, சில நாள்ல மணிக்கணக்குல தள்ளும். சந்தியில், அதாவது ஒரு நட்சத்திரம் முடிஞ்சு அடுத்தது தொடங்கற நேரத்துல பொறந்த குழந்தைக்கு ஒன்றில் ஆயில்யம் 4, இன்னொன்றில் மகம் 1 என்று வரும். அந்த மாதிரி இருந்தால் எந்தப் பஞ்சாங்கப்படி கணித்தது என்று ஜாதகத்திலேயே ஒரு வரி போட்டு விடணும், அது மறைப்பது ஆகாது. உங்களுக்கு 2ஆம் பாதம் என்று வந்திருக்கிறதால இது காரணமா இருக்காதுன்னுதான் தோணுது.

பொறந்த நேரத்தையும் அம்மாவிடம் நல்லா கேட்டு எழுதுங்கள். லக்னம் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும், நவாம்ச லக்னம் 13 நிமிஷத்திலேயே மாறிவிடும். "சுமார் மூணு மூணரை"ன்னு எழுதிக் குடுத்துட்டு நவாம்சம் பாத்து பலன் கேக்கறவங்களை என்ன சொல்றது.

ஆயில்யம், மூலம், கேட்டை, விசாகம் என்று நாலு நட்சத்திரத்துப் பொண்ணுங்களை மாமியார், மாமனார், மூத்தார், கொழுந்தன் என்று பங்கு போட்டு வச்சிருக்கோம். ஆண் பிள்ளைக்கு மட்டும் அதே மூலம் "அரசாளும்". அதையே "ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்"கிறதுதான் சரியான பாடம்னு வாதாடறவங்களும் உண்டு. என்கிட்ட படிச்ச புள்ளைங்க எத்தனை பேர் இதனால முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் நின்னாங்கன்னு எனக்குத் தெரியும், அதோட நிறுத்திக்கறேன்.

எழுத்து விஷயம். பயோடேட்டாவில் "திருவளர்ச்செல்வி" வேண்டாம், அது பத்திரிகைக்கு. அப்பா பேருக்கு முன்னால "லேட்" என்று போடறாங்க, "தெய்வத்திரு" என்று போடுங்கள், படிக்கிறப்ப மரியாதையா இருக்கும். அவர் என்ன வேலை பாத்தார் என்பதையும் விடாம எழுதுங்கள், ஆள் இல்லைன்னா வேலையையும் சேத்து அழிச்சிடறாங்க.


கடலூர்_அண்ணன்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அப்டேட் சொல்றேன்.

நேத்து ராத்திரி சாப்டுட்டு மூணு பேப்பரையும் கூடத்துல கீழ பரப்பி வச்சோம். நனைஞ்ச நோட்டு, கம்ப்யூட்டர் ஜாதகம், பர்த் சர்ட்டிபிகேட். பர்த் சர்ட்டிபிகேட்டுக்கும் கம்ப்யூட்டர் ஜாதகத்துக்கும் சரியா ஒரு நாள் வித்தியாசம்!! பதிமூணு வருஷமா பீரோல இருக்கு, ஒருத்தரும் பக்கத்துல பக்கத்துல வச்சி பாத்ததில்ல. அப்பறம் தங்கச்சி அந்த நோட்டு பக்கத்த டியூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சா, பின்பக்கத்துலேர்ந்து பாத்தா பேனா அழுத்துன தடம் தெரியுது, "சனிக்கிழமை இரவு 3.40 மணி"ன்னு ஒரு வரி, அதுக்கு கீழ "விடிந்தால் ஞா"ன்னு வரைக்கும் இருக்கு, அதுக்கு மேல நீலம்தான். ஜெராக்ஸ் கடை அண்ணே உங்க கைய குடுங்க.

இன்னைக்கு காலைல போய் சரியான தேதி போட்டு புதுசா எடுத்தாச்சு. மகம், சிம்மம். லக்னம் நீங்க சொன்ன மாதிரி அதேதான். அம்மா ஒன்னுமே பேசல, போட்டுக்கிட்டிருந்த டீய எறக்கி வச்சிட்டு "நான் சொன்னப்ப எவன் கேட்டான்"னு ஒரே ஒரு தடவ சொன்னாங்க, அப்பறம் சாமி ரூமுக்கு போயிட்டாங்க. தங்கச்சிக்கு வேற கவலை, இத்தன வருஷமா பேப்பர்ல கடக ராசிபலன் படிச்சி அதுல பாதி சரியா நடந்துச்சுன்னு நம்பிக்கிட்டு இருந்தேனே, அது யாரோடதுன்னு கேக்கறா.

மாமாகிட்ட பேசிட்டேன். மகம்னதும் அவருக்கு வாயெல்லாம் பல்லு, பாத்தியா நான் அப்பவே சொன்னேன்ல மகம்னே போடுன்னு! அந்த சந்தோஷத்துலயே சம்பளம் 19 ஆயிரம்னு இருக்கறதுக்கும் பவுன் வரி இல்லாததுக்கும் ஒன்னும் சொல்லல. நிறத்துக்கு மட்டும் கொஞ்சம் முறுக்குனாரு, லாஸ்பேட்டை அம்மா வீட்டு கதைய சொன்னேன், அடங்கிட்டாரு. கண்ணாடியோட சில்வர் பீச்சுல அவ ஃப்ரெண்டு எடுத்த போட்டோ ஒன்னு இருந்துச்சு, அதையே வச்சிக்கிட்டோம். அப்பா பேரு முன்னாடி தெய்வத்திரு, கூடவே "மெக்கானிக், அரசுப் போக்குவரத்துக் கழகம் (ஓய்வு)"ன்னு போட்டாச்சு வாத்தியார் ஐயா.

எதிர்பார்ப்பு அவளே எழுதுனா. அப்படியே போடறேன்: "மாதத்தில் ஒரு வாரம் இரவுப் பணி உண்டு. திருமணத்துக்குப் பிறகும் தொடர்வேன். மணமகன் கடலூரிலோ பாண்டியிலோ பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருந்தால் நல்லது, வெளிநாடு வேண்டாம். என் அம்மா தனியாக இருக்கக் கூடாது. நட்சத்திரம் எதுவானாலும் பரவாயில்லை." கடைசி வரிய எடுத்துடலாமான்னு கேட்டேன், ஆயில்யம்னு நெனச்சிக்கிட்டு பதிமூணு வருஷம் இருந்தவ நான், அது இருக்கட்டும்னுட்டா. கல்யாணம் திருவந்திபுரத்துலன்னு அம்மா வேண்டுதல், அதுக்கு இன்னும் நாள் இருக்கு.


முத்தியால்பேட்டை_பொண்ணு:

அந்த கடைசி வரிய யாரும் தொடக்கூடாது. மாமா உட்பட.


ஜெராக்ஸ்கடை_மஞ்சக்குப்பம்:

சூப்பர் நண்பா. பழைய கம்ப்யூட்டர் ஜாதகத்த கிழிச்சிப் போட்டுடுங்க, பீரோல இருந்தா நாளைக்கு யாராவது அதையே எடுத்து புரோக்கர்கிட்ட குடுத்துடுவாங்க. நனைஞ்ச நோட்ட மட்டும் பத்திரமா வைங்க. மஞ்ச ஞாபகம் இருக்குல்ல?


கடலூர்_அண்ணன்:

அம்மா தடவிட்டாங்கண்ணே. நல்லவேளை ஒரிஜினல் பிடிஎஃப்ல இருக்கு.


லாஸ்பேட்டை அம்மா:

தம்பி ஒன்னு சொல்லட்டா, தப்பா நெனச்சிக்காத. எங்க அண்ணன் பையன் ஒருத்தன் இருக்கான், வில்லியனூர்ல வீடு, பாண்டிலதான் வேலை, வெளிநாடு ஆசை கெடையாது. நீ மொதல்ல எழுதுனப்பவே எனக்கு ஒரு நெனப்பு. ஆனா அவன் ரேவதி. பொருத்தத்துல ரஜ்ஜுன்னு ஒன்னு பாப்பாங்கல்ல, ரெண்டு பேருக்கும் ஒரே ரஜ்ஜு வந்தா சேராதும்பாங்க. ஆயில்யமும் பாத ரஜ்ஜு, மகமும் பாத ரஜ்ஜு, ரேவதியும் அதேதான். நீ எந்த பேப்பர காட்டுனாலும் எங்கண்ணி ரஜ்ஜு தட்டுதுன்னு சொல்லிடுவா. இருந்தாலும் அந்த பிடிஎஃப்ப எனக்கு அனுப்பு, அவனுக்கு ஒரு சித்தப்பா பையனும் இருக்கான், நட்சத்திரம் கேட்டு சொல்றேன்.